அறுபத்திரண்டாவது பதில்

மார்ச் 12, வியாழன்

ஏ.சி. இன்றும் என் மேசைமேல் சொட்டுகிறது. அடியில் பழைய ஐஸ்கிரீம் டப்பா ஒன்றை வைத்திருக்கிறேன். காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை கொட்டிவிட்டு வருகிறேன். பதினோரு வருட சர்வீஸுக்குக் கிடைத்த கூடுதல் பொறுப்பு.

கொட்டிவிட்டுத் திரும்பும்போது வரவேற்பு மேசைப் பெண் கூப்பிட்டாள். "அக்கா, எனக்கு வர்ற மெயில்ல பாதி கேள்விக்குறியாவே இருக்கு. நான் எதையாவது தப்பா அழுத்திட்டேனா?"

எட்டிப் பார்த்தேன். யாரோ மெக்கானிக் லீவு கேட்டு எழுதியிருக்கிறார் போல. வரிக்கு வரி ????? ???????? ???. நடுவில் ஒரு 16, ஒரு 17 மட்டும் உயிரோடு நின்றன. கீழே கம்பெனியின் படம் மட்டும் பளபளவென்று: 'உங்களை உயர்த்துவதே எங்கள் வேலை.' லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனிக்கு வேறென்ன வாசகம் தோன்றும்.

"எத்தனை நாளா இப்படி?"

"சனிக்கிழமைக்கு அப்புறம்னு நினைக்கிறேன்க்கா."

சனிக்கிழமைதான் மெயில் சாஃப்ட்வேருக்கு நான் அப்டேட் போட்டேன். "சரி, இந்த மெயிலுக்கு நீ என்ன பண்ணே?"

"நோட்டட் போட்டுட்டேன். எல்லாரும் அதானேக்கா போடுவாங்க?"

அதாவது, எங்கள் ஃபோன் ஆப்பில் ஒரு பொத்தான் உண்டு. விரலை வைத்தால் போதும், 'நோட்டட், தேங்க்ஸ்' என்று ஆங்கிலத்தில் பதில் தானே போய்விடும். மெயிலைத் திறக்கக்கூட வேண்டாம். சேவை மேலாளர் டைப் பண்ணக் கை வலிக்கிறது என்று புலம்பினாரே என்று, அந்தப் பொத்தானை வைத்துக் கொடுத்த புண்ணியவதி நான்தான். அன்றிலிருந்து அவருக்கு ஆபீஸ் முழுக்க 'நோட்டட்' என்றே பெயர்.

ஐந்து நாள். எழுபது பேர். ஒருவருக்கும் தோன்றவில்லையே, இது என்னடா இப்படி வந்திருக்கிறது என்று!

மார்ச் 13, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன். நேற்று மாலையே சரிசெய்தும் ஆயிற்று.

திருட்டு வேலையைச் செய்தது அந்தப் படம்தான். ஒவ்வொரு மெயிலின் அடியிலும் அதை ஒட்டுவதற்கென்று ஒரு துண்டு நிரல் இருக்கிறது. அப்டேட்டில் அதற்கு ஆங்கில எழுத்து மட்டுமே தெரியும் என்று ஆகிவிட்டது. தமிழைக் கண்டால் எழுத்துக்கொரு கேள்விக்குறியைக் குத்திவிட்டுக் கடைசியில் படத்தை ஒட்டி அனுப்பியிருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதியவை அப்படியே இருக்கின்றன. அதாவது நோட்டட்கள் எல்லாம் நலம்.

சில மெயில்கள் கோணல் மாணல் கிறுக்கலாக வந்திருந்தன. அவை பரவாயில்லை, எழுத்து உள்ளே இருக்கிறது, காட்டுகிற விதம்தான் தப்பு. திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். கேள்விக்குறியாக வந்தவை செத்தவை. உள்ளேயும் கேள்விக்குறிதான்.

செத்தவை 212. எல்லோருக்கும் நேற்றே ஒரு மெயில் போட்டேன்: கேள்விக்குறியாக வந்தவற்றை அனுப்பியவரிடம் மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு வந்த பதில்கள் நாற்பது. நாற்பதும் நோட்டட். யாராவது யாரிடமாவது மறுபடி கேட்டார்களா? கேட்டதாகத் தெரியவில்லை.

இன்று சும்மா இருக்கமாட்டாமல் ஒரு கணக்கு எடுத்தேன். வெறும் கேள்விக்குறிகளுக்கு, அவை கேள்விக்குறி என்றுகூடப் பார்க்காமல், பார்த்தாயிற்று என்று போன பதில்கள் அறுபத்தொன்று. நோட்டட் மட்டும் முப்பத்தெட்டு. முதலாளி ஒன்பது. ஒரு கேள்விக்குறிக் குவியலை முதலாளி நோட்டட்டுக்குத் தள்ளிவிட, நோட்டட் நன்றி சொல்ல, முதலாளி கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருக்கிறார். சீ. பெரிய மனிதர்கள்! என் பெட்டியை எண்ணவில்லை. நான் ஐ.டி., நான் அந்த ரகம் இல்லை.

ஒன்று எழுதிவைக்க வேண்டும். சனிக்கிழமை அப்டேட் போட்ட பிறகு சோதனை மெயில் அனுப்பினேன். போய்ச் சேர்ந்தது. என்ன எழுதினேன்? 'டெஸ்ட்'. ஆங்கிலத்தில், நான்கு எழுத்து. எழுபது பேரும் தமிழில் எழுதுகிற ஆபீஸுக்கு. மகளின் பள்ளி விளையாட்டு விழாவுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. எந்த ஐ.டி. ஆளும் இதைத்தான் செய்வான், இருந்தாலும்...

மார்ச் 14, சனி

நேற்று மாலை கண் ஆஸ்பத்திரி லிஃப்டில் ஒரு அம்மாவின் கை கதவில் மாட்டி, மணிக்கட்டு முறிந்துவிட்டது. ஒரு கண்ணில் கட்டு, அந்தப் பக்கத்திலிருந்து கதவு வந்ததை அவர் பார்க்கவில்லை. வலது கை. தையல் வேலை செய்கிறவராம்.

அந்த லிஃப்ட் நெட்டையின் பொறுப்பு. நெட்டை எங்கள் மெக்கானிக்குகளில் நல்லவன், குனிந்துதான் எங்கள் அறைக்குள் வருவான். அவனை இன்று காலை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். வியாழக்கிழமை விசாரணை. அரசு லிஃப்ட் ஆய்வாளரும் வருகிறார். தப்பு நெட்டையுடையது என்றால் லைசென்ஸ் போகும். லைசென்ஸ் போனால் எங்கேயும் அவன் ஸ்குரூ டிரைவரைத் தொட முடியாது.

என் மேசைக்கு வந்து நின்றான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"திங்கக்கிழமை காலையிலயே மேனேஜருக்கு மெயில் போட்டேன்க்கா. கதவு சென்சார் செத்துப்போச்சு, லிஃப்ட்ட நிறுத்தச் சொல்லியிருக்கேன், நான் சொன்னா அவங்க கேக்க மாட்டாங்க, நீங்க ஆபீஸ்லேர்ந்து ஒரு போன் பண்ணிச் சொல்லுங்கன்னு. நோட்டட்னு பதில் வந்துது. சரி, பேசிருவாருன்னு அடுத்த சைட்டுக்குப் போயிட்டேன்."

"பேசலையா?"

"இப்ப கேட்டா, சென்சார் பத்தி நீ எழுதவே இல்லையே, வழக்கமான ரிப்போர்ட்தானே அதுன்னு சொல்றாரு."

சர்வரில் தேடினேன். மார்ச் 9, காலை 10.40. இருந்தது. ஆறு வரிக் கேள்விக்குறி, நடுவில் ஒரு 2, ஒரு 7. எங்கள் ஆப் அனுப்பியதைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாது. இதைத் தவிர வேறு பிரதி கிடையாது. 10.43க்கு அடியில் 'நோட்டட், தேங்க்ஸ்'.

"அன்னிக்கே உங்ககிட்டயும்..." என்று ஆரம்பித்தான்.

"இரு இரு, தலைக்கு மேல வேலை கிடக்கு. நான் பாத்துக்கறேன், நீ போ" என்றேன்.

போனான். நிலைப்படியில் குனிய மறந்து தலையை இடித்துக்கொண்டான்.

மார்ச் 15, ஞாயிறு

காய்கறி நறுக்கிக்கொண்டே அந்த முப்பத்தெட்டை நினைத்துப் புகைந்துகொண்டிருந்தேன். மகள் ஏதோ சொன்னாள். "ம், சரி" என்றேன். அவள் குதித்துக்கொண்டு ஓடினாள்.

"அவ என்ன கேட்டான்னு தெரியுமா?" என்றார் இவர்.

"என்ன?"

"ஃப்ரெண்டோட நாய்க்குட்டிய ஒரு மாசம் நம்ம வீட்ல வச்சுக்கலாமான்னு."

சிரித்துத் தொலைத்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாய்க்குட்டி புதன்கிழமை வருகிறது.

மார்ச் 16, திங்கள்

நோட்டட் இன்று என் அறைக்கே வந்தார். பதினோரு வருடத்தில் இரண்டாவது தடவை. ஐஸ்கிரீம் டப்பாவைப் பார்த்து, "அடடா, ஏ.சி. ஒழுகுதாம்மா? நான் சொல்லி சரி பண்ணச் சொல்றேன்" என்றார். இதைப் பற்றி நான் அவருக்குப் போட்ட மெயில்கள் நான்கு. நான்கும் நோட்டட்.

பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "விசாரணைல உன்னை ஒரு டெக்னிக்கல் அறிக்கை கேப்பாங்க. ஒண்ணும் பெரிசா வேணாம். அப்டேட்னால அந்த வாரத்து மெயில் எல்லாம் அழிஞ்சிருச்சு, மீட்க முடியாதுன்னு ரெண்டு வரி. உண்மைதானே?"

"உண்மைதான் சார்."

"அவன் என்ன எழுதினான்னு யாருக்கும் தெரியாது. நான் என்ன படிச்சேன்னும் யாருக்கும் தெரியாது. சாஃப்ட்வேர் கோளாறு. பையனை ஒரு எச்சரிக்கையோட விட்ருவாங்க, நான் பேசிக்கறேன்." கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அப்டேட் யார் போட்டா, எப்படிச் சோதிச்சாங்கன்னு தோண்ட ஆரம்பிச்சா உனக்குத்தாம்மா சங்கடம். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

வாயில் வெல்லம் வைத்துக்கொண்டு பேசினார். அவர் போனபின் நாற்காலியைத் துணியால் துடைத்தேன். ஏன் துடைத்தேன் என்று தெரியவில்லை. ஆனால் அவர் இருக்கும்போது நான் முடியாது என்று சொல்லவில்லை. "பாக்கறேன் சார்" என்றேன். அதையும் எழுதித்தானே ஆகவேண்டும்.

மார்ச் 17, செவ்வாய்

சாஃப்ட்வேர் கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். நாற்பது நிமிடம் ஒரே புல்லாங்குழல். கடைசியில் ஒரு பெண் எடுத்தாள். மீட்க முடியாது என்று உங்கள் வாயால் சொல்லுங்கள், அறிக்கையில் போட்டுக்கொள்கிறேன் என்றேன். ஆமாம், அதற்குத்தான் போன் செய்தேன். என் கையை நானே கழுவிக்கொள்வதற்கு.

"மீட்கலாமே மேடம்" என்றாள். "படம் ஒட்டறதுக்கு முன்னாடி ஒரிஜினலை ஒரு தனி ஃபோல்டர்ல நிறுத்தி வைக்கும். பதினாலு நாள் இருக்கும், அப்புறம் அதுவே அழிச்சிரும்."

மார்ச் 9 மெயில் வரும் திங்கட்கிழமை அழியும். அறிக்கை வியாழக்கிழமை. நான் அந்த ஃபோல்டரைத் திறக்காமல் இருந்தால் போதும். பொய் சொல்லவே வேண்டாம், சும்மா இருந்தால் போதும்.

டீ குடித்துவிட்டு வந்தேன். டப்பாவைக் கொட்டிவிட்டு வந்தேன். பிறகு திறந்தேன்.

இருக்கிறது. ஒரு எழுத்து சிதறாமல்:

"ஐயா, கண் ஆஸ்பத்திரி 2ம் நம்பர் லிஃப்ட் கதவு சென்சார் வேலை செய்யவில்லை. 7 முறை சோதித்தேன். கை நீட்டினாலும் கதவு நிற்கவில்லை. நோயாளிகள் கண்ணில் கட்டோடு வருகிறார்கள். லிஃப்ட்டை நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். நான் சொன்னால் கேட்க மாட்டார்கள், தயவுசெய்து இன்றே நீங்கள் போனில் பேசவும்."

கை நீட்டினாலும் கதவு நிற்கவில்லை. இதற்கு நோட்டட், தேங்க்ஸ்.

முழு ஃபோல்டரையும் இறக்கி, வெள்ளிக்கிழமை பதில்களை எண்ணிய நிரலை மறுபடி ஓட்டினேன். இந்தத் தடவை எந்தப் பெட்டியையும் விலக்கவில்லை, மறந்துவிட்டேன். அறுபத்திரண்டு என்று காட்டியது. நிரல் தப்பு என்று நினைத்து மறுபடி ஓட்டினேன். அறுபத்திரண்டு.

அறுபத்திரண்டாவது என்னுடையது.

மார்ச் 9, காலை 10.55, நெட்டை எனக்கு எழுதியது:

"அக்கா, நான் மேனேஜருக்கு எழுதியது அவர் பதிலோடு திரும்பி வரும்போது எல்லாம் கேள்விக்குறியாக இருக்கிறது. அவருக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று பார்த்துச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரி லிஃப்ட் விஷயம், அவசரம். போன் செய்யக் கூடாது என்று போர்டு போட்டிருப்பதால் மெயில் போடுகிறேன்."

மாலை 5.12. நோட்டட், தேங்க்ஸ்.

5.12 என்றால் பஸ். கம்பியில் ஒரு கை, ஃபோனில் ஒரு கை. ஒரே மூச்சில் பத்துப் பன்னிரண்டு தட்டுவேன், தினமும் தட்டுவேன். பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் பெட்டி காலியாக வேண்டும், அதில் எனக்கு ஒரு பெருமை.

எழுபது பேரில் ஒருத்தன் பார்த்திருக்கிறான். அன்றைக்கே பார்த்து, முறைப்படி என்னிடம் சொல்லியும் இருக்கிறான். எனக்கு வந்ததும் கேள்விக்குறிதான், படித்திருக்க முடியாது. ஆனா பாத்திருக்கலாமே! அது கேள்விக்குறின்னு பாத்திருந்தா போதுமே. திங்கக்கிழமையே சரி பண்ணிருப்பேனே. நாலு நாள் இருந்துதே அந்தம்மா கைக்கு...

சனிக்கிழமை அதைத்தான் சொல்ல வந்தான். இரு இரு என்றேன்.

மார்ச் 18, புதன்

நாய்க்குட்டி வந்துவிட்டது. என் செருப்பைக் கடித்தது. கடிக்கட்டும்.

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அந்த மேனேஜருக்குப் போன ஒரு மெயிலை மட்டும் எடுத்துக் குடுத்தா போதாதா? அந்தப் பையன் தப்பிச்சிருவான். உன்னோடதை யாரு கேக்கப்போறா?" என்றார்.

நேற்றிலிருந்து என் மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்ததையே சொல்கிறார். அவர்மேல் எரிந்து விழுந்தேன். பாவம், அவர் என்ன செய்வார்.

என் மேசையில் இருந்த போர்டைக் கழற்றினேன். 'போனில் புகார் ஏற்கப்படாது. மெயில் மட்டும்.' பசை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது, நகம் பெயர்ந்தது.

மார்ச் 19, வியாழன்

8.50க்கு அறிக்கையை அனுப்பினேன். நான்கு பக்கம். மீட்ட மெயில்கள், அறுபத்திரண்டு பதில்களின் பட்டியல், பெயர், நேரம், என் 'டெஸ்ட்' உள்பட எல்லாம்.

8.51க்கு முதலாளியிடமிருந்து பதில். நோட்டட், தேங்க்ஸ்.

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிப்பா, வாந்தியா, எது வருகிறது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. பிறகு நான்கு பக்கத்தையும் அச்செடுத்துக்கொண்டு கூட்ட அறைக்குப் போனேன். முதலாளி, நோட்டட், லிஃப்ட் ஆய்வாளர், ஓரத்தில் முட்டிகள் மேசையில் இடிக்க நெட்டை.

"அறிக்கைதான் வந்திருச்சேம்மா, நான் பாத்துட்டேன்" என்றார் முதலாளி.

"வாசிக்கறேன் சார்."

"அதான் பாத்தாச்சுங்கறேனே."

"இல்ல சார், வாசிக்கறேன்."

நின்றுகொண்டே வாசித்தேன். சென்சார் வரி வந்தபோது ஆய்வாளர் பேனாவை மூடிவிட்டு, "அதை மறுபடி வாசிங்க" என்றார். வாசித்தேன். நோட்டட் தண்ணீர் பாட்டிலைத் திறந்து, குடிக்காமல் மூடினார். "நம்ம உள் விஷயத்தையெல்லாம் இப்படி..." என்று எதையோ மென்று விழுங்கினார். பட்டியலில் முதலாளியின் ஒன்பதையும் நேரத்தோடு வாசித்தேன். அறுபத்திரண்டாவதை வாசிக்கும்போது நெட்டையைப் பார்க்கவில்லை. கடைசி வரை பார்க்கவில்லை. காகிதத்தை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

மார்ச் 20, வெள்ளி

ஏ.சி. சொட்டுகிறது. என்னிடம் யாரும் பேசவில்லை.

மார்ச் 27, வெள்ளி

நெட்டை திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு வருகிறான். லைசென்ஸுக்குப் பழுதில்லை. நோட்டட்டைக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள்; அங்கே மெயில் குறைவு. முதலாளிக்கு ஒன்றும் இல்லை, எப்போது இருந்தது? எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம், ஒரு வருடத்துக்குப் பதவி உயர்வு கிடையாது. இனி ஒவ்வொரு அப்டேட்டையும் இன்னொருவர் சரிபார்த்துச் சொல்ல வேண்டும். கடிதத்தைக் கடைசி வரி வரை படித்தேன். நியாயமாகத்தான் இருந்தது.

பொத்தானை எடுத்துவிட்டேன். மதியத்துக்குள் நான்கு புகார்: மெயில் வேலை செய்யவில்லையாம்.

வழியில் நெட்டை எதிரே வந்தான். தலையை ஆட்டினான், நானும் ஆட்டினேன். மன்னிப்புக் கேட்டேனா? இல்லை. இன்று அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். 'என் தரப்பிலும் ஒரு தவறு நேர்ந்தது' என்று எழுதியிருக்கிறேன். தவறு தானாக நடந்து வந்து என் பக்கத்தில் நேர்ந்துவிட்டதாம். என்ன வழவழப்பு! அந்த வாக்கியத்தைத் தொட்டால் கை பிசுபிசுக்கும்.

ஏப்ரல் 18, சனி

அடுத்த அப்டேட். யார் சரிபார்ப்பது என்று கேட்டார்கள். நெட்டையின் பெயரைக் கொடுத்தேன். யாரும் மறுக்கவில்லை.

காலை 11.20க்கு அப்டேட் முடிந்தது. சோதனை மெயிலை எழுத அரைமணி நேரம் ஆயிற்று. அனுப்பிவிட்டு அவனுக்குப் போன் போட்டேன். ஏதோ கட்டிடத்து மொட்டைமாடி மெஷின் ரூமில் இருந்தான், காற்றுச் சத்தம்.

"மெயில் வந்திருக்கா?"

"வந்திருக்குக்கா. நல்லாத் தெரியுது."

"அப்படிச் சொன்னா போதாது. முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் சத்தமா வாசி."

வாசித்தான். "தம்பி, மார்ச் ஒன்பதாம் தேதி நீ எனக்கு எழுதியதை நான் பார்க்கவில்லை. பார்த்ததாகப் பதில் போட்டேன். நீ மறுபடி சொல்ல வந்தபோதும்..." குரல் மெதுவானது. "...சொல்ல வந்தபோதும் நான் கேட்கவில்லை. தப்பு என்னுடையது. என்னை மன்னித்துக்கொள்."



"எழுத்தெல்லாம் சரியா இருக்கா?" என்றேன்.

"இருக்குக்கா. எல்லாம் வந்திருக்கு." பிறகு, "பதில் போடணும்ல? திரும்பி வர்றதும் சரியா வருதான்னு பாக்கணுமே" என்றான்.

"பட்டன் இல்லப்பா இப்ப."

"தெரியும்க்கா. டைப் பண்றேன்."

ஆறு நிமிடம் ஆயிற்று. டப்பா நிரம்பி வழியும் நிலையில் இருந்தது, எழுந்து போகவில்லை.

"அக்கா, படித்தேன். அந்த அம்மாவுக்கு வியாழக்கிழமை கட்டுப் பிரித்தார்கள். நான் போயிருந்தேன். விரல் மடங்குகிறது. ஊசியைப் பிடிக்கிறார், நூல் கோர்க்க இன்னும் வரவில்லை. கண் நன்றாகத் தெரிகிறதாம். எனக்குக் கோர்த்துக் கொடுக்கத் தெரியவில்லை, என் விரல் பெரிது. கீழே படமும் சரியாக வந்திருக்கிறது."

கடைசி வரை படித்தேன். அந்த அம்மாவின் வீடு எங்கே இருக்கிறது, நாளை எத்தனை மணிக்குப் போனால் இருப்பார் என்று கேட்டுப் பதில் எழுதினேன்.